ஆதரவு முடிந்த மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அம்மாவின் மடிக்கணினி 2015ஆம் ஆண்டு வாங்கியது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு கொண்டது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அவர், கட்டுரை எழுதுவதற்கும் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறார். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை, திரையில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, அடுத்த பதிப்புக்கு மாறும் தகுதி இந்தக் கணினிக்கு இல்லை என்ற அறிவிப்புதான் அவருக்குக் கிடைத்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதலானவற்றையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22 என்னும் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை அதில் நிறுவினேன். அந்தக் கணினியையே அம்மா நாள்தோறும் ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

ஆதரவு முடிவது என்றால் என்ன என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. அந்த நாளில் கணினி நின்றுவிடுவதில்லை, கோப்புகளும் எங்கும் போவதில்லை. நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. ஆனால் அந்த ‘மட்டும்’ சிறியதன்று. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் பயன்படுத்திய ஓட்டைக்கு, ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கெல்லாம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. 2014 ஏப்ரலிலேயே ஆதரவை இழந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் வெடித்த பிறகுதான் விதிவிலக்காக ஒரு திருத்தம் பொதுவில் வெளியிடப்பட்டது. ஆதரவு இழந்த கணினியில் ஒரு புதிய ஓட்டை வெளிப்பட்டால், அதை அடைக்க யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் ஒரு கணினியை அப்படி விட்டுவைப்பது சரியன்று என்பதே என் கருத்து. இயங்குதளத்தைத் தொடர்ந்து உலாவிகளும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7க்கு, 2023 தொடக்கத்தில் வந்த 109ஆம் பதிப்போடு குரோம் நிறுத்திக்கொண்டது.

விண்டோஸைக் கைவிட விருப்பமில்லாதவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்வதாக இருந்தால் அது நல்ல அவகாசம். தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ வலிந்து நிறுவும் வழிகளும் உள்ளன. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை என்பதால், அம்மாவின் கணினியில் அதைச் செய்ய நான் துணியவில்லை.

மின்டைப் பற்றிச் சொல்லும் முன் வன்தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்து வயதுக் கணினி மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் குற்றவாளி செயலியோ இயங்குதளமோ அன்று. சுழலும் தட்டுதான். எனவே இயங்குதளத்தைத் தொடும் முன்பே, அந்த 500 ஜிபி வன்தட்டைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமே இல்லாத இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். இதற்குத் தேவைப்பட்டது ஒரு சிறிய திருப்புளியும் அரை மணி நேரப் பொறுமையும்தான். வேகம் ஒரு பயன் என்றால், இதைவிடப் பெரிய பயன் ஒன்று எனக்குக் கிடைத்தது. பழைய வன்தட்டு, அதிலிருந்த விண்டோஸ், இருபது ஆண்டுக் கட்டுரைகள், படங்கள் அனைத்தும் ஒரு துரும்பும் அசையாமல் அப்படியே இருந்தன. மின்ட் ஒத்துவராவிட்டால் பழைய தட்டைத் திரும்பப் பொருத்திவிடலாம் என்ற உறுதி இருந்ததால்தான் அம்மாவும் இந்த மாற்றத்துக்குச் சம்மதித்தார். பழைய தட்டு இப்போது ஒரு யூஎஸ்பி உறைக்குள் காப்புப் பிரதியாக அலமாரியில் இருக்கிறது.

ஒரே தட்டில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். விண்டோஸில் ‘விரைவுத் தொடக்கம்’ இயங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் லினக்ஸிலிருந்து எதையும் எழுத முடியாமல் போகும். அதை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடங்கக் கூடாது.

லினக்ஸ் மின்ட் 2006 முதல் வெளிவருகிறது. 22ஆம் வரிசை உபுண்டு 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்றும், வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபி ரேம் நல்லது என்றும் மின்டை உருவாக்குவோரே குறிப்பிடுகிறார்கள். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று முகங்களில் கிடைக்கிறது. மூன்றிலும் இலகுவானது எக்ஸ்எஃப்சிஇ என்பதால் அதைத் தேர்ந்தேன். 64 பிட் செயலி கட்டாயம். அதைவிடப் பழைய 32 பிட் கணினிகளில் இது நிறுவப்படாது.

இந்த இயங்குதளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்க முடிவதுதான். பென் டிரைவில் எழுதிக்கொண்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, தொடுதளம் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாக அப்போதே சோதித்துவிடலாம். அப்படிச் சோதித்ததில் எங்களுக்கு ஒரு சிக்கல் தெரியவந்தது. மடிக்கணினியின் வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான இயக்கியை (டிரைவர்) அதன் தயாரிப்பாளர் திறந்த மூலமாகத் தரவில்லை. அதனால் வைஃபை பட்டியலே காலியாக இருந்தது. கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தபோது மின்ட் உடனே அதை ஏற்றுக்கொண்டது. பிறகு இயக்கி மேலாளரைத் திறந்தால் தேவையான இயக்கியின் பெயர் அங்கே காத்திருந்தது. ஒரு சொடுக்கு, ஒரு மறுதொடக்கம், அதோடு சிக்கல் தீர்ந்தது. ஆனால் இந்த யூஎஸ்பி வழியை அறியாத ஒருவர், வைஃபை இல்லை என்று கண்டதுமே முயற்சியைக் கைவிட்டிருப்பார் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் கணினியில் இதே நிலை வந்தால் கைப்பேசி வடத்தை மறக்க வேண்டாம்.

தோற்றத்தில் பேச அதிகம் இல்லை. இடது கீழ் மூலையில் பட்டி, கீழே பணிப்பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். அம்மாவுக்கு ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடக்கம், கோப்புகள் திறப்பது, எழுதுவது எல்லாம் புதுக் கணினிக்கு இணையாக இருக்கின்றன. இயங்குதளம் மட்டும் ஓடும்போது ஏறத்தாழ ஒரு ஜிபி ரேமே செலவாகிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்து, அவற்றில் ஒன்றில் காணொளியையும் ஓடவிட்டால், மீதமிருக்கும் 3 ஜிபி கரைந்துபோகும். இன்றைய வலைத்தளங்களின் எடை அப்படி, எந்த இயங்குதளமும் அதைக் குறைத்துவிடாது. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பான். இரண்டாவது, கூடுதல் ரேம். அம்மாவின் கணினியில் காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டோம். அதன்பின் அவர் வாயிலிருந்து ‘நின்னு போச்சு’ என்ற சொல்லை நான் கேட்கவில்லை. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும் மெல்லிய மடிக்கணினிகளில் இதற்கு வழியில்லை. அவற்றில் 4 ஜிபியோடுதான் காலம் தள்ள வேண்டும் என்றால், தாவல்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

புதுப்பிப்பு மேலாளர் பாராட்டுக்குரியது. இயங்குதளம், உலாவி, அலுவலகத் தொகுப்பு என எல்லாவற்றுக்குமான திருத்தங்கள் ஒரே பட்டியலில் வருகின்றன. எப்போது நிறுவுவது, எப்போது மறுதொடக்கம் செய்வது என்பது நம் கையில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி தானாக மறுதொடக்கம் ஆவது ஒருமுறைகூட நேரவில்லை. கூடவே வரும் டைம்ஷிஃப்ட் என்னும் கருவியை வாரம் ஒருமுறை பிரதி எடுக்கும்படி அமைத்திருக்கிறேன். ஏதேனும் ஒரு புதுப்பிப்பு கோளாறு செய்தால் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப அது உதவும். அது இயல்பாகக் காப்பது இயங்குதளத்தைத்தான், நம் ஆவணங்களை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆவணங்களுக்குத் தனியாகக் காப்புப் பிரதி வேண்டும்.

இனி அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்த தமிழுக்கு வருகிறேன். ஒருங்குறித் (யூனிகோடு) தமிழ் எழுத்துகள் நிறுவிய உடனேயே சரியாகத் தெரிந்தன. தட்டச்சுதான் கொஞ்சம் வேலை வாங்கியது. விசைப்பலகை அமைப்புகளிலேயே தமிழ்நெட் 99 (தமிழ்99) தளவமைப்பு இருக்கிறது. ஆனால் அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற முறையில் மட்டுமே இயங்குவதால், தமிழ்99இன் சிறப்பான தானியங்கிப் புள்ளி அதில் வருவதில்லை. அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளில் ‘அம்மா’ என்று எழுதிப் பழகிய விரல்களுக்கு அது பெரிய இடையூறு. ஐபஸ் உள்ளீட்டுக் கட்டமைப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்த பிறகு எல்லாம் பழையபடி ஆயிற்று. தமிழில் எழுதுவோருக்கு இது நிறுவும்போதே ஒரு தேர்வாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பழைய கட்டுரைகளில் ஒரு பகுதி ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தது. லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பில் திறந்தபோது அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. உண்மையில் எதுவும் அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்துகொண்ட எழுத்துரு, அவ்வளவுதான். பழைய வன்தட்டிலிருந்த அந்த எழுத்துருக் கோப்பைப் மின்டின் எழுத்துரு அடைவில் நகலெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தவுடன் கட்டுரைகள் உயிர்பெற்றன. இப்போது அவற்றை ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றிவருகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் மேசைக்கணினிப் பதிப்பு லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. உலாவி வழியாகப் பயன்படுத்தும் பதிப்பு ஓடும். எளிய ஆவணங்களை லிப்ரே ஆபீஸ் நன்றாகவே திறக்கிறது. அட்டவணைகளும் உரைப்பெட்டிகளும் நிறைந்த ஆவணங்களில் பக்க அமைப்பு சற்று நகர்ந்துபோகலாம். மேக்ரோ நிறைந்த விரிதாள்களை அன்றாடம் கையாளும் கணக்காளர் இதற்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுப்பொறி எந்த வேலையும் வைக்காமல் தானே இணைந்துகொண்டது. பழைய வருடி (ஸ்கேனர்) ஒன்று மட்டும், அதன் தயாரிப்பாளர் விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி தந்திருப்பதால், இன்றுவரை வேலை செய்யவில்லை. இப்போது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறோம், ஆனால் அது அம்மாவுக்கு நிறைவாக இல்லை. வெளிக்கருவிகள் பல வைத்திருப்பவர்கள், பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போதே அவை அனைத்தையும் ஒருமுறை செருகிப் பார்த்துவிட வேண்டும்.

உலாவி, மின்னஞ்சல், எழுத்துவேலை, காணொளி என்ற எல்லைக்குள் கணினியைப் பயன்படுத்துவோருக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் சேர்ந்த மின்ட் 22ஐத் தயக்கமின்றிச் சொல்வேன். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துவோர் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பில் இருந்துகொண்டு, அந்த மென்பொருளுக்கு உலாவி வழிப் பதிப்பு ஏதும் உண்டா என்பதை இந்த இடைவெளியில் பார்த்துவைத்துக்கொள்ளலாம்.