நிக்கோன் 200–500: சின்னக் குருவிகளுக்கான கனத்த லென்ஸ்

பூநாரை எடுக்கத்தான் நம் யாழ்ப்பாணத்தில் பலரும் இந்த லென்சைத் தேடுகிறார்கள். தை, மாசியில் மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடலில் (ஆழமில்லாத களப்பில்) பூநாரைகள் இறங்கிய படம் பேஸ்புக்கில் வந்ததும், "அண்ணை, 500 மில்லிமீற்றர் காணுமோ?" என்று கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கும். காணாது. 600உம் காணாது, 800உம் காணாது. நிக்கோன் 200–500 மில்லிமீற்றர் எஃப் 5.6 (எஃப் என்பது வெளிச்சம் புகும் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) லென்சைச் சில மாரிகாலம் தூக்கித் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிட்ட வரும் சின்னக் குருவிகளுக்கு, இந்த விலைக்குள், இதைப்போல ஒன்று கிடைப்பது அருமை. தூரத்துப் பூநாரைக்காக வாங்கினால் காசை நினைத்துக் கவலைப்படுவீர்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். என்னிடம் இருக்கும் கமரா டி7200. 500இல் வைத்து 200 மீற்றர் தள்ளி நிற்கும் பறவையைப் பார்த்தால், படத்தின் உயரத்துக்குள் ஏறக்குறைய 6 மீற்றர் அடங்கிவிடும். பூநாரை கழுத்தை நிமிர்த்தி நின்றாலும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றரைத் தாண்டாது. ஆகப் படத்தில் நாலில் ஒரு பங்குதான் பறவை, மிச்சமெல்லாம் தண்ணீரும் வானமும். சரி, வெட்டிப் பெருப்பிக்கலாம் என்றால் நடுவில் காற்று நிற்கிறது. பரவைக்கடல் அந்த இடங்களில் முழங்கால் ஆழம்தான், கரையோரம் வெறும் சேற்றுத்தரை. வெய்யில் ஏறியதும் அந்தத் தரைக்கு மேலே காற்று அலையத் தொடங்கும். பூநாரையின் கால் இரண்டும் நெளியும், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் புள்ளி மட்டும் இருக்கும். இதைவிடப் பல மடங்கு விலையான 600 எஃப் 4ஐ மாட்டினாலும் நெளிவு இன்னும் பெரிதாகத் தெரியுமே ஒழியக் குறையாது. பத்து மணி வெய்யிலில் பண்ணைத் தாம்போதியில் (கடலுக்குக் குறுக்கே போகும் வீதியில்) நின்றுகொண்டு லென்சைத் திட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது பாவம், என்ன செய்யும்?

நான் வங்கியில் வேலை செய்கிறேன். எட்டரைக்கு மேசையில் இருக்க வேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து ஏழே முக்கால் வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம். காற்றும் அந்த நேரத்தில்தான் அசையாமல் கிடக்கும். பறவை பிடிக்க இதைவிடத் தோதான உத்தியோகம் இருக்க முடியாது. பண்ணையில் காலையில் மேற்குப் பக்கம் பார்த்து நின்றால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். வலை கட்ட நட்டிருக்கும் தடிகளில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் வந்து குந்தும்.

விலைக்கு வருவோம். 2015 ஆவணியில் இது வெளிவந்தபோது அமெரிக்காவில் 1,400 டொலர். அன்று முழு ஐந்நூறுக்கும் எஃப் 5.6ஐ விடாமல் பிடித்துக்கொண்டு இந்த விலைக்கு வந்த லென்சைக் கண்டு பறவைக்காரர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. நமக்குத்தான் ரூபா கவிழ்ந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, அதே 1,400 டொலர் 2 லட்சத்து 80 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்தைத் தாண்டியது, வரி சேர்க்காமலே. ஆகவே புதிது என்ற பேச்சை விட்டுவிட்டுக் கொழும்பில் பழையது ஒன்றை எடுத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிவது பாரம். தாங்கியில் பூட்டும் கழுத்துப் பிடியோடு 2 கிலோ 300 கிராம். கமராவையும் சேர்த்தால் மூன்று கிலோ. மோட்டார் சைக்கிளில் பொன்னாலைத் தாம்போதி தாண்டிக் காரைநகர் வரை முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பாருங்கள், தோள் சொல்லும். கையில் பிடித்து எடுக்கலாம், ஆனால் ஒரு பறவை தலையைத் திருப்பட்டும் என்று காத்திருக்கும்போது கை நடுங்கத் தொடங்கிவிடும். நான் மூன்றுகால் தாங்கியை விட்டுவிட்டேன். அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, அதன்மேல் லென்சைக் கிடத்துகிறேன். ஒற்றைக்கால் தாங்கியும் நல்லதுதான். லென்சின் அடிக்கால் தாங்கிகளில் இப்போது எல்லோரும் பாவிக்கும் தட்டுப் பூட்டில் நேராகப் பொருந்தாது, ஒரு தட்டுத் தனியாக வாங்கி முடுக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் அதிர்வு நீக்கி நாலரைப் படி (ஒரு படி என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அசையாமல் குந்தியிருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை 1/200 செக்கனில் கையால் எடுத்து, நெஞ்சு மயிரை எண்ணக்கூடிய படம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதிர்வு நீக்கி நம் கையைத்தான் நிறுத்தும், குருவியை நிறுத்தாது. ஆலா தலைகீழாகப் பாயும்போது 1/2000க்குக் கீழே போனால் செட்டை நுனி கரைந்துவிடும். பறப்பதைத் தொடர்ந்து எடுக்கும்போது அதிர்வு நீக்கியின் விசையை ஸ்போர்ட் நிலைக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் பார்வையில் படம் துள்ளும்.

இந்த லென்சின் ஆகப் பெரிய குணத்தை நான் கண்டுபிடித்தது களப்பில் அல்ல, வீட்டு வேலியோரம். கிட்டக் குவிவது 2.2 மீற்றர் வரை. செவ்வரத்தைப் பூவுக்கு ஊதாத் தேன்சிட்டு வரும். ஆண் குருவி நிழலில் வெறும் கறுப்பு. வெய்யில் பட்டதும் கழுத்தில் நீலம், தோளில் ஊதா என்று மினுங்கும். நாலு மீற்றரில் நின்றால் படத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் அதுவே நிரம்பிவிடும், வெட்டவே தேவையில்லை. ஆனால் அந்தத் தூரத்தில் எஃப் 5.6இல் கூராக விழும் ஆழம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூட இல்லை. கண்ணில் குவித்தால் நம் பக்கம் நீட்டியிருக்கும் வளைந்த அலகின் நுனி மங்கிவிடும். எஃப் 8க்கு மூடினால் இரண்டு சென்ரிமீற்றர் கிடைக்கும். அதோடு 500இல் இந்த லென்ஸ் எஃப் 8இல் இன்னும் ஒரு படி கூராகிறது என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. திறந்து வைத்தாலும் மோசமில்லை. ஆனாலும் இறகின் நடு நரம்பு வரை வேண்டும் என்றால் மூடத்தான் வேண்டும், குருவி பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுக்கவும் வேண்டும். பொறுமைக்கு விசை ஒன்றும் வைக்கவில்லை.

அப்புறம் தும்பி, வண்ணத்துப்பூச்சி. கிணற்றடியில் குந்தும் தும்பியை இரண்டேகால் மீற்றரில் நின்று எடுத்தால் செட்டையின் கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். ஆழம் சில மில்லிமீற்றர்தான், எனவே செட்டையும் சென்சரும் ஒரே தளத்தில் வரும்படி நிற்க வேண்டும். பக்கத்தில் உள்ள குவிவு எல்லை விசையை முழுமைக்கு மாற்ற மறக்காதீர்கள். மற்ற நிலையில் 6 மீற்றருக்குள் இருப்பதை லென்ஸ் தேடவே தேடாது. களப்பில் நிற்கும்போது அந்த நிலைதான் வசதி, முன்னால் இருக்கும் புல்லுக்கு ஓடாமல் பறவைக்கே போகும்.

கரிக்குருவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் வடக்கு, வடமேற்கு வறண்ட கரையோரத்தில்தான் அது இருக்கிறது. நமக்கு மின்கம்பியில் தினம் காணும் குருவி, தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அதற்காகவே ஒரு பயணம். சிவன் உபதேசம் செய்த குருவி என்று திருவிளையாடலில் பெருமை வேறு. ஆனால் படத்துக்கு அது ஒரு சோதனை. கமராவின் வெளிச்ச அளவையை அப்படியே நம்பினால் வெளிறிய வானத்தில் ஒரு கரித்துண்டு வந்து நிற்கும். ஒரு படி கூட்டி வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முதுகில் நீல மினுக்கமும் வாயோரத்துச் சின்ன வெள்ளைப் புள்ளியும் எழும்பி வரும். கொக்குக்கு இதன் மறுபக்கம், முக்கால் படி குறைக்க வேண்டும்.

நான் அதிகம் நேரம் செலவழிப்பது கரைச் சேற்றில் ஓடித் திரியும் சின்ன உப்புக்கொத்திகளோடு. நம் கரையில் முட்டையிடும் ஒரு வகையை நீண்ட காலமாகக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் கிளையாகவே வைத்திருந்தார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வு அதைத் தனி இனமாக்கி, அனுமான் உப்புக்கொத்தி என்று பெயரும் வைத்தது. ஊர்க்குருவி அளவுதான் இருக்கும். மாரியில் வரும் மணல் உப்புக்கொத்திகள் பக்கத்திலேயே ஓடித் திரியும்போது இரண்டையும் பிரிக்கப் பிடரியில் வெள்ளைப் பட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அனுமானுக்கு இருக்கும். இந்த மாதிரி நுணுக்கத்துக்குக் கூர்மை அலங்காரமல்ல, தேவை. சேற்றில் முழங்கையை ஊன்றிக் கிடந்தால் பத்து மீற்றர் வரை அவை தாமாகவே ஓடி வரும். அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குருவி. அதற்கு மேல் கிட்டப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. செட்டை முறிந்தது போல இழுத்துக்கொண்டு ஒரு குருவி உங்கள் முன் ஓடினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். எழும்பி வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஒரு காலை இப்படிக் கிடக்கும்போது றால் பிடித்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் பக்கத்தில் நின்று, "தம்பி, உதாலை பாத்தா அங்காலைத் தீவிலை ஆர் நிக்கினம் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டு, "பாரம்தான் கூட, சாமான் திறம்" என்றார். இந்த மதிப்புரையை அவரிடமே விட்டிருக்கலாம். இன்னொன்று: கடற்படை முகாம் இருக்கும் திசைக்கு இந்த நீளக் குழாயைத் திருப்பாதீர்கள். வீண் கேள்விகள் வரும்.

குறைகள் இருக்கின்றன. 200இலிருந்து 500க்குத் திருப்ப வளையம் நீளமாகச் சுற்ற வேண்டும், ஒரே பிடியில் முடியாது. தலைக்கு மேல் செம்பருந்து வரும்போது இது எரிச்சல். நான் 500இலேயே விட்டுவிட்டுப் பறவையைத் தேடப் பழகிவிட்டேன். குவியும் வேகம் நடுத்தரம், தகைவிலானைத் துரத்த இது ஆகாது. லென்சுக்கும் கமராவுக்கும் நடுவில் போடும் 1.4 மடங்குப் பெருக்கியை மாட்டினால் 700 வரும், ஆனால் எஃப் 8 ஆகிவிடுவதால் டி7200இல் நடுப் புள்ளி ஒன்றுதான் குவியும். வாங்காதீர்கள். வளையத்தைச் சுற்றும்போது முன்குழாய் வெளியே நீளும் என்பதுதான் கரையோரத்தில் பெரிய தலையிடி. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் உப்புத் தூவானம் அதில் படியும். துடைக்காமல் உள்ளே இழுத்தால் உப்பும் உள்ளே போகும். ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்த பிறகுதான் 200க்குத் திருப்புவேன். முன்கண்ணாடிக்குக் காப்பு வடிகட்டி போடலாம் என்றால் அதன் அளவு 95 மில்லிமீற்றர், விலையைக் கேட்டால் விட்டுவிடுவீர்கள். வெயில்மறைப்பை எப்போதும் மாட்டி வைத்தால் பெரும்பாலும் போதும்.

சிக்மாவின் கன்டெம்பரரி வகை, டாம்ரன் 150–600கள் சற்று இலகுவானவை, நீளமும் நூறு கூட. ஆனால் கடைசியில் எஃப் 6.3க்கு இறங்கிவிடும். கேனன்காரர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தங்கள் வழியைப் பார்க்கட்டும். நிக்கோனின் உள்கண்ணாடி இல்லாத புது வகையான இசட் கமரா வைத்திருப்பவர்களுக்கு 2023இல் வந்த 180–600 இருக்கிறது. வெளியே நீளாது, வளையமும் கொஞ்சம் திருப்பினாலே போதும். உப்புக் காற்றுக்கு அதுதான் சரி, காசு இருந்தால்.

பழையது எடுக்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், கையோடு ஒரு ரோச் கொண்டு போங்கள். பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போல ஏதாவது பரவியிருந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். 500இல் வைத்துக் கடை வாசலில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையை எஃப் 5.6இல் எடுத்து, நாலு மூலையையும் பெருப்பித்துப் பாருங்கள். குவிவைத் தூரத்துக்கும் கிட்டவுக்கும் மாற்றி மாற்றி ஓடவிட்டு மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். கழுத்துப் பிடியும் வெயில்மறைப்பும் இருக்கின்றனவா என்று காசு கொடுக்க முன் கேளுங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலுமாரிக்குள் தோல் பைக்குள் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பைகளோடு வையுங்கள். மாரி முடியும் வரை அந்தப் பைகளை இடைக்கிடை மாற்றவும் வேண்டும்.