கவர் கழட்ட விடாதவரிடம் பெரிய பைக் வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ரெண்டாவது பைக்காக ஒரு பெரிய பைக் எடுக்க நினைக்கிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ஏழு மாதத்துக்கு முதல் நானும் அப்படித்தான் ஒன்று எடுத்தேன். ஹொண்டா சிபிஆர் 250ஆர், சிவப்பு. 9 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதில் மனைவியின் சீட்டுக் காசும் இருக்கிறது. அதனால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

எனக்கு வேலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில். கிறவல் ரோட்டுக்கு என் டிஸ்கவர் 125 போதும், அதை விற்கிற எண்ணம் எப்போதும் இல்லை. ஆனால் மனைவியின் அக்கா குடும்பம் பதுளையில் இருக்கிறது. அந்தத் தூரத்தை டிஸ்கவரில் ரெண்டு பேராகப் போய் வந்தால் மறுநாள் எழும்ப முடியாது. தூரப் பயணத்துக்கென்று ஒன்று வேண்டும் என்று ரெண்டு வருசமாகக் காசு சேர்த்தேன். சிபிஆரைத் தேர்ந்ததில் இப்போதும் பிழை சொல்ல மாட்டேன். ரேஸ் பைக் போலக் குனிந்து படுக்கத் தேவையில்லை, நிமிர்ந்தே இருக்கலாம். 13 லீற்றர் டாங்கி. முன்னால் உள்ள பிளாஸ்டிக் கவர் காற்றை நெஞ்சில் அடிக்க விடாது. ஒற்றை சிலிண்டர் என்பதால் நம்ம ஊர் மெக்கானிக் பாஸ்மாருக்கும் கை பழகிய எஞ்சின்தான். பைக் நல்லது. எனக்கு வந்து சேர்ந்த பைக்தான் கெட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த மாதிரி பைக்குகளின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் இடிபட்ட பைக்கைக்கூட இப்போது யாரும் சாமானுக்குக் கழட்டிப் போடுவதில்லை. ஒட்டி, பெயின்ட் அடித்து, முழு பைக்காக விற்றால்தான் லாபம். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விற்றவர் நம்ம மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர். பெயரும் ஊரும் எழுத மாட்டேன். போனில் நல்ல மரியாதையாகக் கதைத்தார். "நீங்க மினக்கெட்டு வரத் தேவையில்ல அண்ணன், நானே கொண்டாறன். பாருங்க, பிடிச்சா எடுங்க." ஒரு ஞாயிறு பின்னேரம் கல்லடிக்குக் கொண்டுவந்தார். ஓடி வரவில்லை. பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றி, கயிறு போட்டு இழுத்துக் கட்டி, மேலே பெட்சீட் போர்த்திக் கொண்டுவந்தார். தூசி படக்கூடாதாம். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற ஆளின் பைக் கெட்டதாக இருக்குமா என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

இறக்கியதும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஒரே அமத்தில் பிடித்தது. நான் குனிந்து எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், சூடு அடித்தது. ஒன்றரை மணித்தியாலம் லொறியில் வந்த பைக்கின் எஞ்சின் எப்படிச் சூடாக இருக்கும்? வழியில் எங்கேயோ நிறுத்தி ஓடவிட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை என் முன்னால் ஸ்டார்ட் பண்ண அவருக்கு விருப்பமில்லை. என் கை அந்தச் சூட்டைத் தொட்டது. புத்தி தொடவில்லை.

பேப்பரை மட்டும் நன்றாகப் பார்த்தேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்து ஓய்வுபெற்ற மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பைக்கின் பதிவுப் புத்தகம் அசல். லீசிங் கம்பனி பெயர் ஒன்றும் பதியப்படவில்லை. போன் லைட் அடித்து எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக மாமா வாசிக்க நான் சரிபார்த்தேன். வரிப்பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில். புத்தகத்தில் ஒரே ஒரு உரிமையாளரின் பெயர், அவர் கையெழுத்து வைத்த பெயர் மாற்றப் படிவம், அடையாள அட்டைப் பிரதி. நம்ம பக்கம் வாகனம் வாங்குகிற எவருக்கும் எல்லாரும் சொல்கிற புத்தி ஒன்றுதான்: பேப்பரைப் பார். அது சரியென்று கண்டதும் என் பாரம் இறங்கிவிட்டது. இருந்த பயத்தையெல்லாம் பேப்பரில் செலவழித்துவிட்டேன், பைக்குக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்டேன். "தம்பி, சைட் கவரை ஒருக்காக் கழட்டிப் பார்ப்பமா?" அவர் முகம் மாறவில்லை. "அண்ணன், கிளிப் எல்லாம் ஒரிஜினல். கழட்டினா உடையும். இந்த நாளையில சாமான் எடுக்க ஏலுமா? உடைஞ்சா ஆர் பொறுப்பு?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாங்க முதலே ஒருவருடைய பொருளை உடைக்கப் பார்க்கிறேனோ என்று விட்டுவிட்டேன். அலன் கீ ஒன்றும் அரை மணித்தியாலமும் போதும் அந்தக் கவரைக் கழட்ட. பழகிய கைக்கு ஒரு கிளிப்பும் உடையாது. டிஸ்கவரில் எஞ்சினும் செசியும் கண்ணுக்குத் தெரிய நிற்கும். இந்த ஜாதி பைக்கில் ரேடியேட்டர், செசியின் முன்பக்கம், வயர், லைட்டைத் தாங்குகிற கம்பி எல்லாம் பிளாஸ்டிக்குக்கு உள்ளே. நாம் ஆசைப்படுவதும் அந்தப் பிளாஸ்டிக்கைத்தான்.

ஓடிப் பார்த்தேன். புதுப் பாலத்தால் டவுனுக்குப் போய் காந்தி பூங்காவில் திருப்பிக்கொண்டு வந்தேன். வெண்ணெய் போல ஓடியது. நம்ம ஊர் தட்டை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வளைவும் இல்லை. வாவியிலிருந்து காற்று வேறு. இங்கே பத்து நிமிசம் ஓடிப் பார்ப்பதால் ஒரு குறையும் வெளியே வராது. அங்கேயே கையெழுத்து வைத்துக் காசைக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டு வந்த கடதாசியில் "பார்த்து, பரிசீலித்து, இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருந்தது. வாசித்தேன். வழக்கமான வரி என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை மனைவியோடு பதுளைக்குப் புறப்பட்டேன். செங்கலடி கறுப்புப் பாலத்தால் திரும்பி, புல்லுமலை தாண்டினால் நேர் ரோடு. எழுபதில் போகும்போது பைக் இடப்பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. காற்றாக்கும் என்று விட்டேன். மகா ஓயா வரைக்கும் வலக்கையில் ஒரு அழுத்தம் கொடுத்துக்கொண்டே போனேன். பிபிலை கழிந்து லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் மீட்டரில் சூட்டைக் காட்டுகிற கட்டம் ஒவ்வொன்றாக ஏறியது. கடைசிக் கட்டமும் நிறைந்ததும் ஓரமாக நிறுத்தினேன். கவருக்குள்ளே இருந்து ஆவி வந்தது. கீழே துரு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலண்ட் என்றால் ஒரு இனிப்பு மணம் இருக்கும், பச்சையோ நீலமோ ஒரு நிறம் இருக்கும். இது வெறும் கிணற்றுத் தண்ணீர். ரேடியேட்டர் காற்றாடி அசையவே இல்லை.

பக்கத்துக் கடை முதலாளி ஒரு வாளி தண்ணீர் தந்தார். ஆற விட்டு, ஊற்றி, திரும்பி ஊர் வரத் தீர்மானித்தோம். இறக்கத்தில் ஒரு வலப்பக்க வளைவு. பிறேக்கை மெல்லப் பிடித்தபோது ஹாண்டில் தலையை ஆட்டத் தொடங்கியது. ரெண்டு செக்கன் இருக்கும். மனைவி என் சேர்ட்டைப் பிடித்த பிடியில் ஒரு பட்டன் அறுந்து விழுந்தது. எதிரே பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கடவுள் காப்பாற்றினார். அங்கிருந்து முப்பதுக்கு மேல் ஓடவில்லை. வீடு வர இரவு பத்தாகிவிட்டது. அவள் அந்தப் பைக்கில் அதற்குப் பிறகு ஏறவில்லை.

மறுநாள் காத்தான்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த பாஸ் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கவரைக் கழட்டினார். இடப்பக்கக் கவரின் உட்புறம் முழுக்கக் கண்ணாடி நார் வைத்து ஒட்டி, கட்டுக் கம்பியால் தைத்திருந்தார்கள். வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே உடைந்த கண்ணாடி மாதிரி. காற்றாடியின் வயரை வெட்டிக் கறுப்பு டேப் சுற்றி மடித்து வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் நெளிந்து காற்றாடியில் முட்டியதால் அது சுற்ற முடியாது. மாற்றினால் செலவு, அதனால் வயரையே வெட்டிவிட்டார்கள். ஹாண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் செசியில் ஒரு கட்டை தடுத்து நிறுத்தும். அந்தக் கட்டை உடைந்து, வெல்டிங் வைத்து, அரைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கிடந்தது. நானா அதில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இது விழுந்த பைக் இல்ல. முன்னால இடிச்ச பைக்."

முன் ஷொக் குழாய் ரெண்டையும் கழட்டிக் கண்ணாடி மேசையில் உருட்டினார். ஒன்று நேராக உருண்டது. மற்றது துள்ளித் துள்ளி உருண்டது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மீட்டரில் 19 ஆயிரம் கிலோமீட்டர் இருந்தது. நானா சிரிக்காமல் என் கட்டைவிரலைப் பிடித்து முன் டிஸ்கின் விளிம்பில் வைத்தார். நகம் தட்டியது, அவ்வளவு தேய்ந்திருந்தது. பின்னால் சங்கிலி உரசாமல் ஸ்விங் ஆர்மில் ஒரு ரப்பர் இருக்கும். அது வெட்டுப்பட்டு இரும்பு தெரிந்தது. 19 ஆயிரத்தில் அப்படி ஆகாது. வேறு பைக்கின் மீட்டரைப் பூட்டியிருக்கிறார்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் கிழமை, அடுத்த ரெண்டும் வருசம். பின் டயர் புதிது. முன் டயரில் 1114. 2014இல் பதினொராவது கிழமை செய்த டயர். அதை நம்பித்தான் மனைவியை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன்.

இதை விட என்னை உலுக்கியது வேறு. புத்தகத்தில் உள்ள முகவரி மலையகத்தில் ஒரு இடம். அங்கே படிப்பிக்கிற என் சினேகிதன் தேடிப் போய் அந்த உரிமையாளரைக் கண்டு போனில் கதைக்க வைத்தான். வயதான மனுசன். "அது என்ட மகன் லொறியில அடிபட்ட பைக் தம்பி. அவன் ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தான். வீட்டில வச்சிருக்க மனமில்ல, சாமானுக்கு எண்டுதான் குடுத்தன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார், "அதில இப்ப ஆள் ஏறிப் போறீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. நான் முதலே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அவர் பெயர் மாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். மாற்றவில்லை. வாங்கியவர் பெயர் எழுதாத ஓபன் பேப்பரிலேயே கை மாறி என்னிடம் வந்தது. அதனால் புத்தகத்தில் பார்த்தால் ஒரே உரிமையாளர் ஓடிய பைக். இடையில் இடித்த பைக்கை ஒட்டியவர் யார், மீட்டர் மாற்றியவர் யார் என்று ஒரு எழுத்தும் இல்லை. என் மாமா பார்த்துச் சரியென்ற அதே சுத்தமான பேப்பர்தான் அவர்களை மறைத்தது. ஆகவே வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முதல் புத்தகத்தில் பெயர் உள்ள மனுசனோடு நேரடியாகக் கதையுங்கள். நம்பர் தர மாட்டேன் என்று தரகர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். விற்கிறவர்களும் வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நாளைக்கு அந்த பைக் எங்கேயாவது ஆளை இடித்தால் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

விற்றவரைக் கேட்டேன். "பார்த்துத்தானே அண்ணன் எடுத்தீங்க, கையெழுத்தும் வச்சீங்க" என்றார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், அது மத்தியஸ்த சபைக்குப் போனது. முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை. ரெண்டாவதுக்கு வந்து, ரெண்டு தவணையில் 1 லட்சம் தருவதாக ஒத்துக்கொண்டார். முதல் 50 ஆயிரம் வந்தது. மற்றது வரவில்லை, போனும் எடுப்பதில்லை. ஷொக் குழாய், ரேடியேட்டர், டிஸ்க், டயர் எல்லாம் சேர்த்து நானா போட்ட கணக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அவ்வளவு செலவழித்தாலும் வெல்டிங் வைத்த செசிக்கு உத்தரவாதம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பைக் பார்க்கப் போனால் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனவுடன் கையால் தொட்டுப் பாருங்கள். நிறுத்திய இடத்திலேயே காற்றாடி தானாகச் சுற்றுமட்டும் ஓடவிட்டுக் காத்திருங்கள், கால் மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் கூலி கொடுத்தாவது. கவரைக் கழட்டச் சொல்லுங்கள். கிளிப் உடைந்தால் காசு நான் தருகிறேன் என்று முதலே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் விடாவிட்டால், அங்கே கிளிப்பை விடப் பெரிதாக ஏதோ உடைந்து கிடக்கிறது.

பைக் இப்போதும் நானாவின் கராஜில்தான் நிற்கிறது, கவர் இல்லாமல். போன கிழமை களுவாஞ்சிகுடியில் இருக்கிற என் மச்சான் எனக்கு ஒரு படம் அனுப்பினான். நீல நிறத்தில் ஒரு 250, பளபளவென்று இருக்கிறது. போன் நம்பரைப் பார்த்தேன், எனக்கு விற்றவரின் நம்பர். மச்சானிடம் சொல்லியிருக்கிறார்: "நீங்க வரத் தேவையில்ல, நானே பட்டாவில கொண்டாறன்."