தேக்குத் தூணுக்கா, இரும்பு கர்டருக்கா? செட்டிநாட்டு வீட்டில் ஃபயர் பெயிண்ட் எங்கே செல்லும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: "தூணுக்கெல்லாம் ஃபயர் பெயிண்ட் அடிச்சுடலாமா?" தூணைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். காசு போக வேண்டிய இடம் வேறு.

தீத்தடுப்பு என்று ஒரே பெயரைச் சொல்லி இரண்டு விதச் சரக்கு விற்கிறார்கள். ஒன்று, மேற்பரப்பில் தீ சட்டென்று பரவாமல் பிடித்து வைப்பது. மற்றது, தீக்கு நடுவிலும் உத்தரமோ சுவரோ இத்தனை நிமிடம் விழாமல் நிற்கும் என்று உலையில் வைத்துச் சோதித்துக் காட்டியது. முதலாவது, ஆள் எழுந்து வெளியே ஓட நேரம் தரும். இரண்டாவது, மேல்மாடி தலையில் இறங்காமல் காக்கும். மரத்துக்கு அடிக்கும் நிறமற்ற பூச்சுகள் பெரும்பாலும் முதல் வகை. அதை வாங்கிவிட்டு இரண்டாவது கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

பட்டாலையில், அதாவது தூண் வரிசை உள்ள கூடத்தில், நிற்கும் பர்மா தேக்குத் தூண் எரியத்தான் செய்யும், ஆனால் நிதானமாக எரியும். இந்த மாதிரிக் கனமரம் நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் கரியாகிக்கொண்டே உள்ளே போகும். மேலே படியும் கரி, உள்ளிருக்கும் மரத்துக்குக் காப்பாகிவிடும். 10 அங்குலத் தூணைச் சுற்றிலும் ஒரு மணி நேரம் தீ பிடித்தாலும், நடுவில் 7 அங்குலம் நல்ல மரம் மிஞ்சும் என்று கணக்குச் சொல்கிறது.

பிற்காலத்தில் கட்டிய வீடுகளிலும், பழுது பார்க்கும்போது முட்டுக் கொடுத்த இடங்களிலும் இரும்பு கர்டர் இருக்கும். இரும்பு எரியாது என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 550 டிகிரியைத் தொடும்போது அதன் வலுவில் ஏறத்தாழப் பாதி போய்விடும். சோதனை உலையின் சூடு அரை மணியில் 840 டிகிரியைத் தாண்டும். பூச்சு இல்லாத கர்டர், கனத்தைப் பொறுத்து, 15, 20 நிமிடத்திலேயே வளையத் தொடங்கிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூச்சு தேவைப்படுவது எரியாத இரும்புக்குத்தான்.

கல்தூண் வைத்த வீட்டார் நிம்மதியாக இருக்க வேண்டாம். 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தை எப்படிச் சிதைத்தது என்று நாம் பார்த்தோம். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். அதில் கல் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் விரிசல் இன்னும் கூடும். கல்லுக்குப் பூச்சு எதுவும் வேண்டாம். அதன் காலடியில் பழைய மெத்தையும் அட்டைப் பெட்டியும் அடுக்காமல் இருந்தால் போதும்.

கர்டருக்கு எது? முதல் போட்டியாளர், சூட்டில் உப்பும் பெயிண்ட். 200 டிகிரியைத் தாண்டியதும் அப்பளம் பொரிவதுபோல் பூச்சு எழும்பும். ஒரு மில்லிமீட்டர் இருந்தது சில அங்குலம் வரைக்கும் பஞ்சுக்கரியாகி நிற்கும். அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிடால், மெலமின் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. கர்டரின் வடிவம் கெடாது, மேலே வேண்டிய நிறமும் கொடுக்கலாம். இரும்பு மெல்லிசாக இருந்தால் பூச்சு தடிமனாக வேண்டும் என்பதைத்தான் பெயிண்டர்கள் மறந்துவிடுகிறார்கள். வழக்கமான எனாமல் கணக்கில் இரண்டு கோட் இழுத்துவிட்டுப் போனால், அது வெறும் பெயிண்ட்தான்.

இரண்டாவது, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமம் கலந்த பூச்சு. பார்வைக்குச் சொரசொரவென்று இருக்கும், ஆனால் விலை அடக்கம், அடிபட்டாலும் தாங்கும். மூன்றாவது, கர்டரைச் சுற்றித் தீத்தடுப்பு ஜிப்சம் போர்டால் பெட்டி கட்டுவது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போகும்வரை பின்பக்கச் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். விருந்தினர் கண்ணில் படும் முகப்பு, வளவு (நடு முற்றம்) என்றால் பெயிண்ட். சமையற்கட்டிலும் சாமான் அறையிலும் வெர்மிகுலைட் அல்லது போர்டு என்று நான் பிரிப்பேன். எல்லா இடத்துக்கும் விலை கூடிய பெயிண்ட் என்பது வீண் செலவு.

உண்மையில் தலைவலி தூணும் இல்லை, கர்டரும் இல்லை. மச்சுக்குக் கீழே, அறையின் தலைக்கு மேல் அடித்த உட்கூரைப் பலகை. தடிமன் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம். நடுவே இணைப்பு இடைவெளிகள். மேலே பல வருடத் தூசியும் எலிக்கூடும். போதாக்குறைக்கு, காலகாலமாகப் பூசிய எண்ணெயும் பாலிஷும். கரி காக்கும் என்ற கணக்கு இந்தத் தடிமனுக்குச் செல்லாது. இடுக்கு வழியாகத் தீ மேலே போய்விடும்.

இங்கே சூட்டில் உப்பக்கூடிய நிறமற்ற வார்னிஷ் ஒரு பக்கம், ஜிப்சம் போர்டு மறுபக்கம். வார்னிஷ் அடித்தால் மரத்தின் ரேகை தெரியும். ஆனால் பழைய பாலிஷ், மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடித்தால் பிடிக்காது, சில வருடத்தில் உரிந்து வரும். அந்த ரகங்கள் பல ஈரத்துக்கும் ஆகாதவை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் தெறிக்கும் வளவு ஓரத்துக்கும் திண்ணைக்கும் மேலே காப்புக் கோட் இல்லாமல் நம்பி அடிக்க முடியாது. போர்டை அடித்துவிட்டால் காப்பு உறுதி. பலகை மட்டும் மறைந்துவிடும். "ஐயா காலத்துப் பலகையை மறைச்சுட்டு அப்புறம் என்னத்தைக் காட்டுறது?" என்று வீட்டு ஆச்சி கேட்டால், அது நியாயமான கேள்வி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: கீழே பலகையை அப்படியே விட்டுவிட்டு, மேல்பக்கத்திலிருந்து வேலை செய்வது. மச்சைச் சுத்தம் செய்து, பலகையின் முதுகில் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) விரித்து அதன்மேல் போர்டு போட்டால், கீழ் அறைத் தீ ஓட்டுக் கூரைக்கு ஏற நேரம் பிடிக்கும். ராக்வூல் 1000 டிகிரியிலும் உருகாது. கீழ்ப்பக்கத்துக்கு வார்னிஷ் ஒரு துணை மட்டும். ஆனால் கைமரங்களின் வலுவை ஆசாரியும் பொறியாளரும் பார்த்துச் சொன்ன பிறகே எடையை ஏற்ற வேண்டும்.

வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைச் சிலர் மலிவு மருந்தாகச் சொல்வார்கள். கரையானுக்கும் அது நல்லது. அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றினால் வேலை செய்யும். நின்றுகொண்டிருக்கும் தூணில் தூரிகையால் தடவினால் தோலோடு நிற்கும், மழை பட்டால் கழுவிக்கொண்டு போகும். புதிதாக அலமாரி, தடுப்புக்கு பிளைவுட் வாங்கினால் ஐஎஸ் 5509 முத்திரை உள்ள தீத்தடுப்பு ரகம் கேளுங்கள். அறையைப் பிரிக்கும் சுவருக்கோ பிளைவுட்டே வேண்டாம். செங்கல் அல்லது இரட்டைப் போர்டு.

சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய செங்கல் சுவருக்கு எந்தப் பூச்சும் விற்க வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தச் சுவர் மணிக்கணக்கில் நிற்கும். அதில் ஏசி குழாய்க்கும் வயருக்கும் போட்ட ஓட்டைகள்தான் பிரச்சினை. அவற்றைத் தெர்மோகோலும் ஃபோமும் வைத்து அடைக்கிறார்கள். தீக்கு அது திறந்த வாசல். தீத்தடுப்பு சீலண்ட் ஒரு குழாய் வாங்கி அடைத்தால் முடிந்தது. இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான், யாரும் செய்வதில்லை.

மொட்டை மாடியில் "கிராமத்துச் சூழல்" என்று கீற்றுக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக்கூடம் நடத்துகிறவர்களுக்கு எந்த மருந்தையும் பரிந்துரைக்க மாட்டேன். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோனது கீற்றுக் கூரைத் தீ. கீற்றுக்குத் தெளிக்கும் உப்புக் கரைசல் ஒரு மழைக்காலம் தாங்காது. நாட்டு ஓடு போடுங்கள்; அதுவும் கிராமத்துச் சூழல்தான்.

கடைசியாக, வாங்கும்போது. டப்பாவில் தீ படம் போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். எந்த அடிப்பரப்பில், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காய்ந்த தடிமனில், எத்தனை நிமிடம் என்று சொல்லும் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். இரும்பில் சோதித்த அறிக்கை மரத்துக்குச் செல்லாது. பெயிண்டருக்குக் கூலியைச் சதுர அடிக்குப் பேசாமல் தடிமனுக்குப் பேசுங்கள். பூச்சு காயுமுன் அதன் தடிமனை அளக்கும் சீப்பு போன்ற கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இறங்குவதற்கு முன்னால் நாலு இடத்தில் அழுத்திப் பாருங்கள்.