பள்ளிச் சண்டையைத் தடுக்க: போலீஸா, வகுப்பா, பேச ஒரு ஆளா?

கடலூர் முதுநகர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஆரம்பித்த தகராறு, சாயங்காலம் பள்ளி வாசலில் கைகலப்பாகி, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் புருவத்தில் மூன்று தையல் போட்டார்கள். அடுத்து நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. ஸ்டேஷனிலிருந்து யாரையாவது கூட்டிவந்து கண்டித்து வைப்பது. வாரம் ஒரு பீரியட் நல்லொழுக்க வகுப்பு. பிள்ளைகளிடம் பேசத் தனியாக ஒரு ஆள். பெற்றோர் உறுப்பினரான நான் அன்று எதுவும் சொல்லவில்லை. எது சரி என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தேடிப் படித்தேன்.

முதல் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவின் நியூஜெர்சியில், 1970-களில், தடம் மாறும் பையன்களைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ என்று பெயர். அது பல ஊர்களுக்கும் பரவியது. பிறகு அப்படிப்பட்ட திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்படாத பிள்ளைகளைவிட மிரட்டப்பட்டவர்களே அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். போலீஸ்காரர் வந்து போக்சோ சட்டத்தையும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் விளக்கினால் நல்லது. நம் கூட்டத்தில் கேட்டது அது இல்லையே.

வகுப்பு விஷயம் அவ்வளவு எளிதல்ல. கோபத்தைக் கையாள்வது, அடுத்தவர் நிலையிலிருந்து பார்ப்பது போன்றவற்றைச் சொல்லித்தரும் 213 பள்ளித் திட்டங்களை 2011-இல் ஒரு ஆய்வு சேர்த்து அலசியது. மொத்தம் 2,70,000 மாணவர்கள். நடத்தை தேறியது, மதிப்பெண்ணும் ஏறியது. சொந்த ஆசிரியர்கள் நடத்தியபோதே பலன் கிடைத்தது. ஆனால் 2022-இல் பிரிட்டனிலிருந்து வெளியான முடிவு வேறு கதை. 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், ஆசிரியர்கள் கற்றுத்தந்த மனஒருமைப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) வழக்கமான பாடங்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. நம் நாட்டிலும் 2020-இல் தொடங்கிய பள்ளி ஆரோக்கியத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களிடம் 11 தலைப்புகளை ஒப்படைக்கிறது. மனநலமும் வன்முறைத் தடுப்பும் அவற்றில் உண்டு. அதே ஆசிரியர்களிடம் சிலபஸ், தேர்வு, மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு எல்லாம் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மனதை ஒரு பக்கம் சாய்த்தது பீகார். நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளை மூன்றாகப் பிரித்து ஒரே திட்டத்தைச் சோதித்தார்கள். ஒரு பிரிவில் ஆசிரியரே நடத்தினார். இன்னொன்றில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவர் ‘சேஹர் மித்ரா’ என்ற பெயரில் பள்ளியிலேயே இருந்து நடத்தினார். மூன்றாவது, ஒப்பீட்டுக்கு. மித்ரா செய்த வேலைகளில் புரியாதது ஒன்றுமில்லை: பிரேயரில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, மனதில் இருப்பதை எழுதிப்போட ஒரு பெட்டி, மாணவர் குழு, கேட்கும் பிள்ளைக்குத் தனியாக ஆலோசனை. 2018-இல் முடிவு வெளியானது. மித்ரா இருந்த பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன, இரண்டாம் ஆண்டில் இன்னும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றமே தெரியவில்லை.

இதைப் படித்தபோது தையல் போட்ட பையனின் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. “ஒரு மாசமா அந்த பஸ்ல போவ மாட்டேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான் அக்கா, நான்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சிட்டேன்.” வீட்டில் சொன்னதைப் பள்ளியில் அவன் யாரிடம் சொல்லியிருப்பான்? கணக்கு டீச்சரிடமா? நம் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. பெட்டியைத் திறந்து படித்துவிட்டு அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைக்க நேரமுள்ள ஒருவரும் வேண்டும்.

ஆனால் ஆலோசகரை வைத்துவிட்டால் பெரியவர்களின் கை அடங்கிவிடாது. உகாண்டாவில் 42 பள்ளிகளில், பிள்ளைகளைத் திருத்துவதற்கு முன் ஆசிரியர்களின் பழக்கத்தை மாற்றும் திட்டத்தைச் சோதித்தார்கள். ஆசிரியர்களிடம் பிள்ளைகள் அடிவாங்குவது 42 சதவீதம் குறைந்தது. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் இங்கும் தடுக்கிறது. ஆனாலும் “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வரும் பெற்றோரை நான் இன்றும் பார்க்கிறேன். அடித்து அடங்கவைத்த பையன் பஸ்ஸில் தன்னைவிடச் சின்னவனை அடிக்கிறான்.

நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லையிலுள்ள கன்னியக்கோயிலைத் தாண்டினால், சி.பி.எஸ்.இ.க்கு மாறிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள். அந்த வாரியத்தின் விதியிலேயே ஆலோசகர் பணியிடம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் 500 பிள்ளைகள் இல்லை. அதனால் அலுவலருக்காகக் காத்திருக்க முடியாது.

வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மூன்றாவது யோசனைக்குத்தான் கை தூக்கப் போகிறேன். முதுநகர்ப் பக்கமே டிகிரி முடித்த ஒரு பெண், மாவட்ட மனநலத் திட்டத்தில் இருப்பவர்களிடம் பயிற்சி, நூலகத்தை ஒட்டிப் பழைய பெஞ்சுகள் அடுக்கியிருக்கும் அந்த அறை. பெஞ்சுகளை எடுத்துப்போட நாலு அப்பாக்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கு நன்கொடை கேட்டு மஞ்சக்குப்பத்தில் கடை கடையாக ஏற வேண்டும்.