நாடி ஜோதிடமா, விபாசனாவா?

வாழ்க்கை குழம்பும்போது சிலர் தங்கள் வாழ்க்கை எழுதப்பட்டிருப்பதாக நம்பும் நாடி ஓலையைப் பார்க்க வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கிளம்புகிறார்கள், சிலர் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு. இரண்டில் எது என்று தவிப்பவர்களுக்காக இது.

செலவு
நாடி: ஒவ்வொரு காண்டத்துக்கும், அதாவது திருமணம், தொழில் என்று பிரித்த பகுதிக்கும், ஒரு கட்டணம். பரிகாரம் தனி. முதலிலேயே மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள்.
விபாசனா: கட்டணமே இல்லை. முடித்த பிறகு விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம்.

நேரம்
நாடி: பெரும்பாலும் ஒரே நாள்.
விபாசனா: பத்து முழு நாட்கள். விடுப்புதான் பெரிய சிக்கல்.

சிரமம்
நாடி: ஆண்களுக்கு வலது கட்டைவிரல் ரேகை, பெண்களுக்கு இடது. அதை வைத்து ஓலைக்கட்டைத் தேடுவார்கள். கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று சொன்னால் போதும். பதிலோடு நம் விவரங்களையும் சேர்த்துக் கொட்டிவிடக் கூடாது. சொன்னதே ஓலையில் திரும்பி வரலாம்.
விபாசனா: அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். தினமும் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சு கிடையாது, கைபேசி கிடையாது. மூன்றாம் நாள் முழங்கால் வலியில் வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. புத்தர் வழி என்றாலும் எந்த மதத்தாரும் சேரலாம். அப்புறம், மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது.

நிலைப்பது
நாடி: நல்வாக்கு தரும் தெம்பு. சொன்ன தேதி தள்ளிப்போனால் அதுவும் போகும்.
விபாசனா: தினமும் உட்கார்ந்தால் நிற்கும், விட்டால் கரையும்.

துக்கத்தில் ஒரு ஆறுதல் சொல் வேண்டும், கடன் வாங்காமல் செலவழிக்க முடியும் என்றால் நாடி பார்க்கலாம். திருமணம், வேலை போன்ற முடிவை ஓலையிடம் விடாதீர்கள். மனதின் ஓட்டத்தையே அறிய வேண்டுமென்றால் விபாசனாதான்.