வீட்டு லினக்ஸ் சர்வரில் டிஸ்க்கைத் தூங்கவிடாதது யார்? ஐயோடாப், ஃபேட்ரேஸ், ஏடாப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு சர்வரில் டிஸ்க்கின் வேகம் பெரும்பாலும் ஒரு பிரச்சினையே இல்லை. யாரும் தொடாத ஹார்ட் டிஸ்க் இரவெல்லாம் ஏன் சுழல்கிறது என்பதுதான் கேள்வி. விடை ஜிகாபைட் கணக்கில் எழுதும் ப்ராசஸிடம் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம்) இருக்காது. நிமிடத்துக்கு ஒருமுறை நாலு கிலோபைட் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். கருவிகளை அந்தக் கண்ணோடுதான் எடைபோட வேண்டும்.

எல்லாரும் முதலில் நிறுவுவது ஐயோடாப் (iotop); எந்த ப்ராசஸ் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் கருவி. ரூட் அனுமதியோடு திறந்ததும் ஓ, பி, ஏ என்ற மூன்று விசைகளையும் அழுத்திவிடுங்கள். ஓ சும்மா இருப்பவற்றை மறைக்கும். பி த்ரெட்களை (ஒரு ப்ராசஸின் உள் கிளைகளை) ஒரே ப்ராசஸாகச் சேர்க்கும். ஏ திறந்த நேரத்திலிருந்து கூட்டுத்தொகை காட்டும். இந்த ஏ இல்லாவிட்டால் நமக்கு வேண்டிய பெயர் ஒரு நொடி மின்னி மறைந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டால் பட்டியல் தானாகத் தெளியும். பைத்தானில் எழுதிய பழையதைவிட ஐயோடாப்-சி இலகுவானது. லினக்ஸின் மையமான கெர்னலில் 5.14 முதல், காத்திருந்த நேரத்தை அளக்கும் தாமதக் கணக்கு இயல்பாக அணைந்திருப்பதால், ஐஓ சதவீதப் பத்தி வேலை செய்யாமல் போகலாம். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கமாண்டில் கெர்னல்.டாஸ்க்_டிலேஅக்ட் (kernel.task_delayacct) மதிப்பை 1 ஆக்கினால் அது வரும். பைட் கணக்குக்கு அது தேவையே இல்லை, அப்படியே விட்டுவிடலாம்.

குழப்பம் தொடங்குவது பட்டியலின் உச்சியில் ஜேபிடி2 (jbd2) வந்து நிற்கும்போதுதான். அது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) எழுதும் த்ரெட். யாரோ செய்த மாற்றத்தைப் பதிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு ப்ராசஸ் எழுதுவது முதலில் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷுக்குத்தான் போகும். கெர்னலின் ஃப்ளஷர் 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடிக்கு மேல் பழசானதை டிஸ்க்குக்குத் தள்ளும். எக்ஸ்ட்4 ஜர்னலும் இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை கமிட் ஆகும், அதாவது டிஸ்க்கில் பதியும். டேட்டா பைட்கள் பேஜ் அழுக்கான கணத்திலேயே எழுதியவர் கணக்கில் ஏறிவிடும். ஆனால் கோப்பை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, நேரமுத்திரை புதுப்பிப்பது போன்ற மெட்டாடேட்டா வேலைகள் ஜேபிடி2 பெயரில்தான் தெரியும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் வைத்திருக்கும் செயலிகள் எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அழைப்பு) கேட்கும்போதெல்லாம் இதுவே பெருகும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதே இடத்தில் டிஎக்ஸ்ஜி_சிங்க் நிற்கும். புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எக்ஸ்ட்4லேஸிஇனிட் என்ற த்ரெட் மணிக்கணக்கில் எழுதினால் பதற வேண்டாம்; ஐநோட் அட்டவணையை (கோப்புகளின் விவரப் பட்டியலை) நிரப்பி முடித்ததும் தானே நின்றுவிடும்.

ஜேபிடி2-க்குப் பின்னால் இருப்பவரைப் பிடிக்க ஃபேட்ரேஸ்தான் சரி. மற்றவை பைட்டை எண்ணும். இது கோப்பின் பெயரையே சொல்லும். டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆன கோப்பகத்துக்குள் போய் -சி விருப்பத்தோடு ஓட்டினால் அந்த மவுண்டின் நிகழ்வுகள் மட்டும் வரும். -டி (t) சேர்த்தால் நேரமும் வரும். வரியில் டபிள்யூ இருந்தால் எழுத்து, ஆர் இருந்தால் வாசிப்பு. வெளியீட்டை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள், நினைவகத்திலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் வையுங்கள். குறைகள் இரண்டு உண்டு. எம்மேப் வழியாக (கோப்பை நினைவகத்தோடு இணைத்து) எழுதும் தரவுத்தளங்களின் எழுத்து இதன் கண்ணில் படாது. நொடியில் பிறந்து மடியும் ப்ராசஸுக்குப் பெயர் வராமலும் போகலாம்.

ப்ராசஸ்வாரியாக டிஸ்க் கணக்கு தரும் பிட்ஸ்டாட் -டி (d) ஸ்கிரிப்ட்டுக்கு வசதி, அவ்வளவுதான். ஒரு பொறி மட்டும் நினைவிருக்கட்டும்: முடிந்துபோன பிள்ளை ப்ராசஸின் கணக்கை, அதற்காகக் காத்திருந்த தாய் ப்ராசஸின் தலையில் கெர்னல் ஏற்றும். பெரிய கோப்பை நகலெடுத்து முடித்த கணத்தில் ஒன்றும் அறியாத பாஷ் ஷெல் பல ஜிகாபைட் எழுதியதாகத் தெரிவது இதனால்தான். ப்ராக் (/proc) கோப்பகத்தில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஐஓ கோப்பை நேராகப் படிப்பவர்கள் டபிள்யூகேர் (wchar) எண்ணை நம்பக் கூடாது; பைப்புக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கும் எழுதியதுகூட அதில் சேரும். ரைட்_பைட்ஸ்தான் டிஸ்க்குக்குப் போக வேண்டியதைச் சொல்லும். எழுதுவதற்குள் கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அதைக் கேன்சல்ட்_ரைட்_பைட்ஸில் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கன்டெய்னர்கள் (தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் செயலிகள்) நிறைய ஓடினால் ப்ராசஸ் பெயர் போதாது; நாலு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும். சிஸ்டம்டி-சிஜிடாப்பில் (systemd-cgtop) ஐ விசையை அழுத்தினால் டிஸ்க் பயன்பாட்டின்படி, குழுவாரியாக வரிசைப்படும்.

விடியற்காலை மூன்று மணிக்கு நடந்ததைப் பின்னால் பார்க்க ஏடாப். இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு எழுதும். பழைய பதிவைத் திறந்து சிறிய டி-யை (t) அழுத்தினால் அடுத்த இடைவெளி, பெரிய டி-க்கு (T) முந்தையது. இடையில் முடிந்துபோன ப்ராசஸ்களையும் காட்டுவதால், பேக்கப் வேலைகளை இதில்தான் தேட வேண்டும். பதிவு விழும் இடம் சிஸ்டம் எஸ்எஸ்டியாக இருக்கட்டும்; தூங்க வேண்டிய டிஸ்க்கில் வைத்தால் எழுப்புவதே இதுதான் என்றாகிவிடும்.

எந்தக் கருவியிலும் பெயர் வராமல் டிஸ்க் மட்டும் விழித்தால் டிஸ்க்கின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி (smartd) சேவையைச் சந்தேகியுங்கள். அது டிஸ்க்கோடு நேராகப் பேசுவதால் ஐயோடாப்பிலும் ஃபேட்ரேஸிலும் தடம் இருக்காது. இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்; அதன் அமைப்பில் -என் ஸ்டாண்ட்பை சேர்த்தால் தூங்கும் டிஸ்க்கைத் தொடாது. பிறகு எச்டிபார்ம் கமாண்டைப் பெரிய சி-யோடு ஓட்டி, ஸ்டாண்ட்பை என்று வருகிறதா பாருங்கள். இந்தச் சோதனை டிஸ்க்கை எழுப்பாது.