செக்யூரிட்டியா, மெக்கானிக்கா, லேத்தா? மூன்றிலும் நின்றவனின் கணக்கு

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். காலேஜ் வேண்டாம் என்கிறான், அது அவன் இஷ்டம். தெரிந்தவர் ஒருவர் செக்யூரிட்டி வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார், அடுத்த வாரமே சேரலாம். வீட்டுக்குப் பக்கத்து பைக் ஒர்க்‌ஷாப்பில் ஆள் கேட்கிறார்கள். மூன்றாவது வழி, ஐடிஐ-யில் டர்னர், அதாவது லேத் மெஷினில் இரும்பைச் சுழலவிட்டு அளவாகக் கடையும் தொழில், சேர்ந்து இரண்டு வருஷம் படிப்பது. "மாமா, நீங்க மூணையும் பாத்திருக்கீங்க, எதுன்னு சொல்லுங்க" என்றான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் வரிசை வேறு மாதிரி. 1993-ல், பதினேழு வயதில், கோவை காந்திபுரம் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப். 1999-லிருந்து கணபதியில் லேத் பட்டறை, இருபது வருஷத்துக்கு மேல். 2020 லாக்டவுனில் பட்டறை மூடியதும் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி, இரண்டு வருஷம். இப்போது மறுபடியும் லேத்.

முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் செக்யூரிட்டிதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் எனக்கு வாரம் அறுபது ரூபாயும் இரண்டு வேளை டீயும்தான். இன்றைக்கும் புதுப் பையனுக்குக் கொடுப்பது கைச்செலவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஐடிஐ-யில் சம்பளமே கிடையாது. ஆனால் அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 2024-ல் கொண்டுவந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு ஆயிரம். ஆகவே அது வெறும் பூஜ்யமில்லை. இது பல வீடுகளில் தெரியாமலே பையனை கேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் செக்யூரிட்டி சம்பளத்தைக் கேட்கும்போது கூடவே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம்? எத்தனை டூட்டிக்கு? பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம், முப்பது டூட்டி. வாரலீவு எடுத்தால் அன்றைய காசு போச்சு. எட்டு மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் அந்தச் சம்பளம் சுருங்கிவிடும். நம்மை மாற்றிவிட வரும் ரிலீவர் வராத நாளில் தொடர்ந்து இருபத்துநாலு மணி நேரம் நிற்க வேண்டும், அதற்கு டபுள் டூட்டி என்று பெயர். நான் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு ஏறி, தீபாவளி மதியம்தான் இறங்கினேன். வீட்டுக்குப் போனபோது பையன்கள் பட்டாசை முடித்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்று அதன் விதிகள் சொல்கின்றன. எனக்கு நடந்த பயிற்சி இது: யூனிஃபார்ம் அளவு எடுத்தார்கள், சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், விசிட்டர் ரெஜிஸ்டரை எப்படி நிரப்புவது என்று காட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. யூனிஃபார்ம் காசை மூன்று மாதமாகப் பிடித்தார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம். என் வாழ்க்கையில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் ஒழுங்காகச் சம்பளச் சீட்டில் வந்தது அந்த இரண்டு வருஷம்தான். காரணம் எளிது. ஈஎஸ்ஐ-க்குக் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும், பிஎஃப்-க்கு இருபது பேர். கணபதியில் நான் நின்ற பட்டறையில் ஆறு பேர், ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர். 2009-ல் இடது ஆட்காட்டி விரல் நுனி, இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டியபோது முதலாளி பாதி, நான் பாதி என்று தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம். அவர் நல்ல மனுஷன், கொடுத்தார். கொடுக்காத முதலாளியாக இருந்திருந்தால் வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டும். செக்யூரிட்டியாக இருந்தபோது மனைவிக்கு சர்ஜரி, சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில், கைக்காசு போகாமல் முடிந்தது. சம்பளத்தில் அதற்குப் பிடித்தது நூற்றுக்கு முக்கால் ரூபாய். சரி, பிஎஃப்? பிடித்தார்கள், ஆனால் பாஸ்புக்கைப் பார்த்தால் மூன்று மாதப் பணம் ஏறவே இல்லை. ஆபீஸுக்கு ஆறு தடவை நடந்த பிறகு ஏறியது. செக்யூரிட்டி வேலையில் சேருகிறவர்கள் மாதாமாதம் போனில் பாஸ்புக்கைப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வேலைக்கு வருகிறேன். மூன்றில் எனக்கு மனசுக்குப் பிடித்தது அதுதான், ஆனால் பையனுக்குச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. அந்தக் காலத்தில் வண்டி பேசும். பிளக்கைக் கழற்றினால் கருப்பாகக் கரி பிடித்திருக்கும், பெட்ரோல் அதிகம் போகிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் டப்பெட் சத்தம் எது, டைமிங் செயின் சத்தம் எது என்று பிரித்துவிடலாம். ஓனர் என்னைத் திட்டியே அந்தக் காதை வளர்த்தார். ஆறு வருஷத்தில் நான் கற்றதில் இன்றுவரை தேய்மானமில்லாமல் இருப்பது அந்தக் காது.

2020 ஏப்ரலில் பிஎஸ் சிக்ஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் கார்புரேட்டர் போய்விட்டது, ஊசிமுனை வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சார் கெட்டால் காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனர் வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அது இருக்கிறது, தெருமுனைக் கடையில் பலரிடம் இல்லை. என்னோடு வேலை கற்றவர் ஒருவர் கடன் வாங்கி ஸ்கேனர் வைத்தார், இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. இன்னொருவர் பழைய வண்டி மட்டும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். பழைய வண்டி வருஷா வருஷம் குறைகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஆயில் மாற்றும் வேலையே கிடையாது, ஆயில் சர்வீஸில் பிழைத்த கடைகளுக்கு அது பெரிய அடி. ஆகவே இப்போது மெக்கானிக் ஆக வேண்டுமென்றால் ஸ்பேனர் பாதி, வயரிங் பாதி. வயரிங் படம் பார்க்கப் பொறுமை இல்லாத பையன் இதில் சேரக்கூடாது. சேர்ந்தால் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துவிடச் சொல்வேன். ஓட்டுநர்களோடு வண்டி பழுதுபார்ப்பவர்களுக்கும் சேர்த்து வாரியம் இருக்கிறது என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது.

லேத் வேறு குணம். மெக்கானிக் வேலையில் சாமர்த்தியம் முக்கியம், இதில் அளவு முக்கியம். ஒரு மோட்டார் ஷாஃப்டில் 6205 பேரிங் உட்கார வேண்டும் என்று வையுங்கள். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளை 25 மில்லிமீட்டர், நாங்கள் மில்லி என்போம். ஷாஃப்டை இருபது மைக்ரான் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) கூடுதலாக விட்டால் பேரிங் ஏறாமல் அடம்பிடிக்கும், அடித்து ஏற்றினால் உயிர் போகும். குறைத்துவிட்டால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே சுற்றி அந்த இடத்தைத் தின்றுவிடும். குறைத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. கடைசி கட் எடுக்கும்போது எந்தப் பேச்சும் காதில் விழாது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, மறுபடி பார்ப்போம், ஏனென்றால் சூடாக இருக்கும் இரும்பு அளவில் பொய் சொல்லும். எனக்கு அது பழகவே மூன்று வருஷம் ஆனது.

இந்த வேலையிலும் குறை இருக்கிறது. நாள் முழுக்க நின்றபடி வேலை. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் பட்டுப் பட்டு விரலிடுக்கில் தோல் உரியும். 2022-ல் மின்கட்டணம் ஏறியபோது சிறு பட்டறைகள் திணறியதை நேரில் பார்த்தேன், ஆர்டர் இல்லாத வாரத்தில் சனிக்கிழமைச் சம்பளம் பாதியாகிவிடும். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் வந்துவிட்டதே, லேத் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சிஎன்சியில் ஜி ஜீரோ ஒன் என்ற கோடைத் தட்டினால் டூல் நேராக வெட்டிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் வெட்டு ஏன் கரகரக்கிறது, டூல் மழுங்கிவிட்டதா, வெட்டும் இரும்பு ஆடுகிறதா என்பதைச் சாதா லேத்தில் நின்ற கைதான் சொல்லும். எங்கள் பட்டறையில் சிஎன்சி ஓட்டும் இரண்டு பையன்களும் ஐடிஐ டர்னர்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அபார்ட்மெண்டில் நைட் ஷிஃப்ட், இரண்டு மணி ரவுண்ட்ஸ். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், மணலை அரைப்பது போல. உள்ளே போய்ப் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை மோட்டார் மேல் வைத்துக் காதைக் கொடுத்தேன். பேரிங் போய்விட்டது. காலையில் செகரெட்டரியிடம் சொன்னேன். "அதெல்லாம் எலெக்ட்ரீஷியன் பார்த்துப்பாருப்பா, நீ கேட்டைப் பாரு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என் சட்டைதான் தெரியும், காது தெரியாது. நாலாவது நாள் மோட்டார் ஜாம் ஆகி நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் லாரி வந்தது. அதே வார்த்தையைப் பட்டறையில் நின்று சொல்லியிருந்தால் அதற்குக் கூலி வாங்கியிருப்பேன்.

செக்யூரிட்டி வேலையில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நூற்றைம்பது வண்டி நம்பர் மனசில் இருக்க வேண்டும், குடித்துவிட்டு வருகிறவரைக் கோபப்படுத்தாமல் வீட்டுக்கு ஏற்ற வேண்டும், யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று தெரிய வேண்டும். இதெல்லாம் கற்க வருஷமாகும். ஆனால் ஏஜென்சி மாறிய அன்றைக்கு அது எதுவும் சம்பளத்தில் ஏறாது, புது ஆளுக்கும் எனக்கும் ஒரே ரேட். மெக்கானிக்குக்கு அப்படியில்லை, கடை மாறினால் பழைய கஸ்டமர் தேடிக்கொண்டு வருவார். டர்னர் ஊரே மாறலாம். ஓசூரிலும் 25 மில்லி 25 மில்லிதான்.

வயசுக் கணக்கிலும் வித்தியாசம் உண்டு. ஐம்பத்தைந்தில் வேலை போனால் செக்யூரிட்டி ஏஜென்சி சேர்த்துக்கொள்ளும், புது ஒர்க்‌ஷாப் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே அந்த வேலை எங்கும் ஓடிப்போகாது, தேவைப்பட்டால் பிறகும் போகலாம். பதினெட்டு வயதில் அதைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன். வீட்டில் உடனே காசு வேண்டுமென்ற கட்டாயம் இருந்தால் கதை வேறு, அப்போது ஈஎஸ்ஐ உள்ள இடமாகப் பார்த்துச் சேரு, ஒரு வருஷம் மட்டும் என்று எழுதி வைத்துக்கொள் என்றிருப்பேன். அக்கா வீட்டில் அந்த நிலைமை இல்லை.

அவன் இன்னும் முழுசாக முடிவெடுக்கவில்லை. வெல்டர் என்றால் ஒரே வருஷத்தில் முடியுமாமே என்று நேற்று புதுசாக ஒன்றைக் கிளப்புகிறான். முடியும், அதுவும் நல்ல தொழில்தான், ஆனால் அவனுக்கு ஏற்கனவே கண்ணாடி, கண்ணை யோசிக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை பட்டறைக்கு வந்து ஒரு நாள் நின்று பார் என்று சொல்லியிருக்கிறேன். செருப்பு போட்டுக்கொண்டு வராதே, ஷூ போடு. முழுக்கைச் சட்டை வேண்டாம், கையில் இருக்கும் கயிறு, காப்பு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா.